டியூடர் வம்சம்: அரியணைக்கு முந்தைய கதையில் யார் யார்?

புத்தகப்பிரியன் எழுதியது:

வணக்கம். எட்டாம் ஹென்றி, முதலாம் எலிசபெத் பற்றித் தமிழில் படிக்க நிறையவே கிடைக்கிறது. எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய கதை. 1485-இல் பாஸ்வொர்த் போரில் மூன்றாம் ரிச்சர்டு இறந்தார், ஏழாம் ஹென்றி மன்னரானார் என்று எல்லோரும் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த ஹென்றி எங்கிருந்து வந்தார்? அவருடைய தாத்தா வேல்ஸைச் சேர்ந்த அரண்மனைப் பணியாளர், விதவையான ராணியை மணந்தவர் என்று படித்தேன். பணியாளரின் பேரன் இங்கிலாந்துக்கு அரசனாவது எப்படி நடந்தது? நடுவில் யாராவது தூக்கிவிட்டிருக்க வேண்டும் அல்லவா? அவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேல்ஸ்வாசி எழுதியது:

நண்பரே, நல்ல கேள்வி. நான் ஸ்வான்சியில் வேலை பார்க்கிறேன், விடுமுறை கிடைத்தால் இந்தப் பக்கத்துக் கோட்டைகளையும் தேவாலயங்களையும் பார்க்கக் கிளம்பிவிடுவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பணியாளர் என்பது பாதிதான் உண்மை. ஓவன் டியூடர் ராணி கேத்தரினின் மாளிகையில் பணியில் இருந்தவர்தான். ஆனால் அவர் பிறந்த குடும்பம் சாதாரணமானதில்லை. வடக்கு வேல்ஸில் க்வினெத் என்ற சிற்றரசு இருந்தது. அதை ஆண்ட லூவெலினுக்குத் தலைமை அதிகாரியாக, அமைச்சர் என்றே சொல்லலாம், இருந்தவர் எட்னிவெட் வகன். 1246-இல் இறந்தார். தெற்கு வேல்ஸை ஆண்ட ரீஸ் பிரபுவின் மகள் க்வென்லியனை மணந்தவர். அவர் வாரிசுகளின் நிலங்களுக்கு வரி கிடையாது, அரசனுக்கு விசுவாசமும் போர்க்காலப் பணியும் கொடுத்தால் போதும். ஆங்கில்சி தீவில் உள்ள பென்மினித் இந்தக் குடும்பத்தின் ஊர்.

1282-இல் வேல்ஸ் இங்கிலாந்திடம் வீழ்ந்தபோது அரச குடும்பம் அழிந்தது, இவர்கள் தப்பினார்கள். நிர்வாகம் தெரிந்தவர்கள் எந்த ஆட்சிக்கும் வேண்டும். புதிய எஜமானர்களிடமும் பதவி வாங்கிக்கொண்டு நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நூறு ஆண்டுக்கு மேல் இப்படியே போயிற்று.

அப்புறம் 1400-இல் ஆங்கில ஆட்சிக்கு எதிராக ஓவைன் க்ளின்டூர் என்ற வேல்ஸ் தலைவரின் கிளர்ச்சி வந்தது. அவருடைய அம்மாவும் பென்மினித் சகோதரர்களின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். பெரியம்மா சித்தி பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1401 ஏப்ரல் 1, புனித வெள்ளி. கான்வி கோட்டையின் காவலர்கள் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், ரீஸ், க்விலிம் என்ற இரண்டு சகோதரர்கள் சுமார் 40 பேரோடு உள்ளே புகுந்து கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். முதலாம் எட்வர்டு வேல்ஸை அடக்கி வைக்கக் கட்டிய கோட்டைகளில் ஒன்று அது! வாசலில் முன்னால் போனவர் வேலைக்கு வந்த தச்சர் போல நடித்தாராம். சில மாதம் பிடித்து வைத்திருந்து பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுத்தார்கள். ரீஸ் 1412-இல் செஸ்டரில் கொல்லப்பட்டார். குடும்பத்தின் நிலங்களில் பெரும்பகுதி பறிபோயிற்று.

இந்தச் சகோதரர்களில் இன்னொருவர் மரெடித். அவருடைய மகன்தான் நம் ஓவன். வேல்ஸில் அப்போது நம் இனிஷியல் போல அப்பா பெயரைத்தான் சேர்த்துச் சொல்வார்கள். அந்த வழக்கப்படி பார்த்தால் இவர் மரெடித் மகன் ஓவன். தாத்தா பெயரான டியூடர் எப்படியோ ஆங்கிலேயர் ஏடுகளில் நிலைத்துவிட்டது.

ஆக, ஓவன் லண்டனுக்கு வந்தபோது அவருக்கு நிலமும் இல்லை, சட்டப்படி உரிமையும் இல்லை. கிளர்ச்சி வெடித்ததும் வேல்ஸ்காரர்கள் மீது கடுமையான சட்டங்கள் போட்டிருந்தார்கள். ஆங்கில நகரங்களில் சொத்து வாங்கக் கூடாது, ஆயுதம் ஏந்தக் கூடாது, பதவி வகிக்கக் கூடாது. 1432-இல்தான் ஓவனுக்குத் தனிப்பட்ட முறையில் ஆங்கிலேயர் உரிமை கொடுத்தார்கள்.

கேத்தரினுக்கு வருவோம். பிரான்ஸ் மன்னர் ஆறாம் சார்லஸின் மகள், ஐந்தாம் ஹென்றியின் மனைவி. 1422 ஆகஸ்டில் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 20, கைக்குழந்தைக்கு வயது ஒன்றுகூட நிரம்பவில்லை. அந்தக் குழந்தைதான் ஆறாம் ஹென்றி. விதவை ராணி யாரையாவது மணந்துகொண்டால் அந்தப் புதுக் கணவன் குட்டி அரசனுக்கு மாற்றாந்தந்தை ஆகிவிடுவானே என்று அரசவைக்குப் பயம். 1427-28 நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமே போட்டார்கள். அரசனின் அனுமதி இல்லாமல் ராணியை மணப்பவன் சொத்தை இழப்பான். அந்த அனுமதியையும் அரசன் உரிய வயதுக்கு வந்த பிறகுதான் கொடுக்க முடியும். பறிக்க ஓவனிடம் சொத்து ஏது? கேத்தரின் அவரை மணந்ததில் காதலும் இருந்திருக்கலாம், இந்தக் கணக்கும் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். எங்கே, எந்த நாளில் மணந்தார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. எட்மண்ட், ஜாஸ்பர் என்று இரு மகன்கள் 1430-ஐ ஒட்டி அடுத்தடுத்துப் பிறந்தார்கள். வேறு பிள்ளைகளும் உண்டு.

1437 ஜனவரி 3 அன்று கேத்தரின் பெர்மண்ட்சி மடத்தில் இறந்தார். அதோடு பாதுகாப்பு போயிற்று. ஓவனை நியூகேட் சிறையில் போட்டார்கள். தப்பித்தார், மறுபடி பிடித்தார்கள், 1439-இல்தான் மன்னிப்புக் கிடைத்தது. பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பது தனிக்கதை. நாளை எழுதுகிறேன், அல்லது தெரிந்தவர்கள் யாராவது தொடருங்கள்.

மலர்_ஈஸ்ட்ஹாம் எழுதியது:

அந்தப் பிள்ளைகள் கதையை நான் சொல்கிறேன் தம்பி. எங்கள் பக்கத்து ஊர் விஷயம் அது.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் நம்மவர்கள் எவ்வளவு பேர் இருக்கிறோம்! அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பார்க்கிங் (Barking) என்ற ஊர். அங்கே ஒரு பெரிய கன்னியர் மடம் இருந்தது. இப்போது அடித்தளச் சுவர்களும் ஒரு வாயில் கோபுரமும்தான் மிச்சம். கடைக்குப் போகிற வழியில் எத்தனையோ பேர் அதைத் தாண்டிப் போகிறோம். சின்னப் பிள்ளைகளாக எட்மண்டும் ஜாஸ்பரும் 1437 ஜூலையில் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். மடத்தின் தலைவி கேத்தரின் டி லா போல். சஃபோக் பிரபுவின் சகோதரி. 1442 வரை சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் இவர் பொறுப்பு. அரசாங்கம் செலவுப் பணத்தை ஒழுங்காகத் தரவில்லை, கேட்டு எழுத வேண்டியிருந்தது. சிறையில் கிடக்கும் அப்பாவின் பிள்ளைகளை அரசனின் தம்பிகளுக்கு உரிய மரியாதையோடு வளர்த்தவர் இந்தப் பெண். இவரைப் பற்றி ஒரு வரி எழுதுபவர்கள்கூடக் குறைவு.

ஆறாம் ஹென்றிக்கு இவர்கள் ஒரு தாய் வயிற்றுத் தம்பிகள். அவர் வளர்ந்ததும் கூப்பிட்டுக்கொண்டார். 1452 நவம்பரில் எட்மண்டை ரிச்மண்ட் பிரபுவாகவும் ஜாஸ்பரை பெம்ப்ரோக் பிரபுவாகவும் ஆக்கினார்.

இதற்கு அடுத்தது எனக்கு மனம் ஆறாத பகுதி. நான் முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவச்சியாக வேலை பார்த்தவள். 1455-இல் எட்மண்ட், மார்கரெட் போஃபோர்ட்டை மணந்தார். அவருக்கு இருபத்தைந்தை ஒட்டிய வயது. அவளுக்கு 12. பெரிய சொத்துக்கு ஒரே வாரிசு அவள். உயிரோடு ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் அந்தச் சொத்தைக் கணவன் தன் ஆயுள் முழுக்க அனுபவிக்கலாம் என்பது அன்றைய சட்டம். அதனால் காத்திருக்கவில்லை. 1456 நவம்பரில் கார்மார்தனில் எட்மண்ட் இறந்தபோது, கொள்ளை நோய் என்கிறார்கள், அந்தச் சிறுமி கர்ப்பம். 1457 ஜனவரி 28 அன்று பெம்ப்ரோக் கோட்டையில் ஹென்றி பிறந்தான். அம்மாவுக்கு வயது 13. அதற்குப் பிறகு இரண்டு முறை மணம் செய்தும் அவளுக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை. அந்தப் பிரசவத்தில் அவள் உடம்பு என்ன பாடுபட்டிருக்கும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் பிஷப் ஜான் ஃபிஷர், அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து ஒரு பிள்ளை பிறந்ததே அதிசயம் என்று பேசியிருக்கிறார்.

இன்னொன்று. நாற்பது ஆண்டு கழித்து, ஹென்றி அரசனான பிறகு, அவருடைய மகளை ஸ்காட்லாந்து அரசனுக்குக் கொடுக்கப் பேச்சு நடந்தது. பெண்ணுக்கு ஒன்பது வயதுகூட ஆகவில்லை. மார்கரெட்டும் மருமகளும் சேர்ந்து தடுத்தார்கள். உடனே அனுப்பினால் அந்த அரசன் காத்திருக்க மாட்டான், பிள்ளைக்குத் தீங்கு வந்துவிடும் என்று என் அம்மாவும் மனைவியும் பயப்படுகிறார்கள் என ஹென்றியே ஸ்பெயின் தூதரிடம் சொல்லியிருக்கிறார். தனக்கு நடந்தது பேத்திக்கு நடக்கக் கூடாது என்று அந்த அம்மாள் நின்றதை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

புத்தகப்பிரியன் எழுதியது:

மலர் அக்கா, மிக்க நன்றி. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. ஒரு சந்தேகம். ஓவனும் கேத்தரினும் ஆங்கில அரச ரத்தம் இல்லை. அப்படியானால் ஹென்றி எந்த உரிமையில் அரியணை கேட்டார்?

பழையசட்டம் எழுதியது:

அம்மா வழியில். மார்கரெட்டின் போஃபோர்ட் குடும்பம், மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் கான்ட்டின் வழி வந்தது. ஆனால் அவருக்கும் கேத்தரின் ஸ்வின்ஃபர்டுக்கும் மணமாகும் முன்பே பிறந்த பிள்ளைகள் இவர்கள். கேத்தரின், இன்றைய பெல்ஜியப் பக்கத்து ஹைனோவிலிருந்து வந்த ஒரு வீரரின் மகள். ஜானின் மகள்களுக்கு ஆசிரியையாக இருந்தவர். 1396-இல்தான் லிங்கன் தேவாலயத்தில் இருவரும் மணந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு இரண்டாம் ரிச்சர்டு நாடாளுமன்றத்தில் அந்தப் பிள்ளைகளை முறைப்படியான வாரிசுகள் என்று அறிவித்தார். 1407-இல் நான்காம் ஹென்றி அதை உறுதிசெய்தபோது, அரச பதவி நீங்கலாக என்ற சொற்களைச் சேர்த்துவிட்டார். நாடாளுமன்றம் ஏற்றதை அரசர் தனியாக மாற்ற முடியுமா என்று இன்றும் வாதம் செய்யலாம். முடியாது என்பது என் கட்சி.

ஹென்றியே இந்த வாதத்துக்குள் போகவில்லை. 1485 நாடாளுமன்றச் சட்டம், மணிமுடி இவரிடமும் இவர் வாரிசுகளிடமும் இருக்கும் என்று மட்டும் சொல்கிறது. எதனால் என்று சொல்லவில்லை. தன் ஆட்சி போருக்கு முந்தைய நாளான ஆகஸ்ட் 21-லேயே தொடங்கியதாகவும் கணக்கு வைத்தார். அப்படியென்றால் மறுநாள் ரிச்சர்டுக்காகச் சண்டை போட்டவர்கள் எல்லாரும் ராஜதுரோகிகள்!

வேல்ஸ்வாசி எழுதியது:

அக்காவுக்கும் சட்டத்தை விளக்கியவருக்கும் நன்றி. உரிமை இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும். இந்தக் கதையில் எனக்கு முக்கியமானவர் ஜாஸ்பர். ஏழாம் ஹென்றியை உருவாக்கியது அவர் அம்மா என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அம்மாவின் உழைப்பு பெரிதுதான். ஆனால் பதினான்கு வருடம் பக்கத்தில் இருந்து காத்தவர் சித்தப்பா.

ஆறாம் ஹென்றியின் லாங்காஸ்டர் தரப்புக்கும் யார்க் தரப்புக்கும் அரியணைக்காகச் சண்டை நடந்த காலம் அது. 1461 பிப்ரவரியில் மார்டிமர்ஸ் கிராஸ் போரில் ஜாஸ்பரின் படை யார்க் தரப்பிடம் தோற்றது. ஜாஸ்பர் தப்பினார். அறுபதை ஒட்டிய ஓவனைப் பிடித்து ஹியர்ஃபோர்டு சந்தையில் தலையை வெட்டினார்கள். கழுத்துப்பட்டையைக் கிழிக்கும்வரை கொல்ல மாட்டார்கள் என்றே அவர் நம்பியிருந்தாராம். சித்தம் கலங்கியவள் என்று ஊரார் சொன்ன ஒரு பெண் அந்தத் தலையைக் கழுவி, முடியைச் சீவி, சுற்றிலும் நூற்றுக்கு மேல் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள் என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அதே ஆண்டு பெம்ப்ரோக் கோட்டை எதிர்த்தரப்பு வில்லியம் ஹெர்பர்ட்டின் கைக்குப் போனது. நாலு வயது ஹென்றியும் கூடவே. ஆயிரம் பவுன் கொடுத்து அந்தப் பையனின் காப்பாளர் உரிமையை வாங்கினார் ஹெர்பர்ட், தன் மகளைக் கட்டிவைக்கும் எண்ணத்தோடு. ராக்லன் கோட்டையில் அவருடைய மனைவி ஆன் டெவரூ ஹென்றியைத் தன் பிள்ளைகளோடு வளர்த்தார். எதிரி வீடுதான், ஆனால் அன்பாகவே வளர்த்திருக்கிறார். 1469-இல் ஹெர்பர்ட் கொல்லப்பட்ட பிறகும் பையனைக் கைவிடாமல் தன் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போனார். அரசனானதும் ஹென்றி அவரைத் தேடி அழைத்தார்.

1471-இல் டியூக்ஸ்பரிப் போரோடு லாங்காஸ்டர் தரப்பு முடிந்துபோயிற்று. ஜாஸ்பரைப் பிடிக்க யார்க் தரப்பின் நான்காம் எட்வர்டு மன்னர் அனுப்பிய ரோஜர் வாகன், ஓவனை வெட்டுமிடத்துக்கு அழைத்துப் போனவர் என்று சொல்லப்படுபவர். ஜாஸ்பர் அவரைச் செப்ஸ்டோவில் பிடித்துத் தலையை வாங்கினார். பிறகு 14 வயது ஹென்றியோடு பெம்ப்ரோக்குக்கு ஓடினார். அங்கே மார்கன் என்பவர் முற்றுகை போட்டார். எட்டு நாளில் அந்த முற்றுகையை உடைத்து இவர்களை வெளியே விட்டவர் மார்கனின் சொந்தச் சகோதரர் டேவிட்! ஒரே வீட்டில் இரண்டு கட்சி. அங்கிருந்து டென்பி துறைமுகம். நகரின் மேயர் தாமஸ் வைட், பெரிய வணிகர், இவர்களை நிலவறையில் மறைத்துப் படகு ஏற்பாடு செய்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். அந்த வீடு இருந்ததாகச் சொல்லும் இடத்தில் இப்போது ஒரு மருந்துக்கடை.

பிரான்ஸுக்குக் கிளம்பிய படகைக் காற்று பிரிட்டனியில் கொண்டு சேர்த்தது. அப்போது அது தனி நாடு. அதன் பிரபு இரண்டாம் ஃபிரான்சிஸ் விருந்தாளி என்றும் வைத்துக்கொண்டார், பிணை என்றும் வைத்துக்கொண்டார். ஒருகட்டத்தில் சித்தப்பாவையும் பிள்ளையையும் வெவ்வேறு கோட்டைகளில் பிரித்தும் வைத்தார்கள். 1476-இல் ஹென்றியை ஆங்கிலேயத் தூதர்களிடம் ஒப்படைத்தே விட்டார்கள். சென்ட் மாலோ வரை போனதும் காய்ச்சல் என்று படுத்துவிட்டான். அதற்குள் கடற்படைத் தலைவர் ஜான் து கெலெனெக், பிரபு ஃபிரான்சிஸிடம் மன்றாடி அவர் மனதை மாற்றினார். பொருளாளர் பியர் லாந்தே ஓடிவந்து ஹென்றியை ஒரு தேவாலயத்தில் தஞ்சம் புக வைத்தார். இதே லாந்தே 1484-இல் மூன்றாம் ரிச்சர்டோடு பேரம் பேசி அவரை விற்கவும் பார்த்தார். ஃபிளாண்டர்ஸிலிருந்த பிஷப் ஜான் மார்ட்டன் செய்தி அறிந்து, கிறிஸ்டஃபர் அர்ஸ்விக் என்ற பாதிரியாரை அனுப்பி எச்சரித்தார். ஜாஸ்பர் முன்னால் பிரான்ஸ் எல்லை தாண்டினார். ஹென்றி காட்டுக்குள் வேலையாள் உடைக்கு மாறி பின்னால் போய்ச் சேர்ந்தார். துரத்தியவர்கள் ஒரு மணி நேரம் பிந்திவிட்டார்கள்.

இதே சமயம் லண்டனில் இன்னொருவர் உயிரைப் பணயம் வைத்திருந்தார். கர்லீயன் ஊரைச் சேர்ந்த லூயிஸ், மருத்துவர், வானியல் கணித வல்லுநர். மார்கரெட்டுக்கும், வெஸ்ட்மின்ஸ்டரில் தஞ்சம் புகுந்திருந்த நான்காம் எட்வர்டின் விதவை எலிசபெத் உட்வில்லுக்கும் இவரே வைத்தியர். வைத்தியரை வாசலில் யார் தடுப்பார்கள்? ஹென்றிக்கும் எலிசபெத்தின் மகளுக்கும் கல்யாணம் என்ற யோசனை இரண்டு தாய்மார்களுக்கும் இடையே இவர் மூலமாகத்தான் போய் வந்தது. ரிச்சர்டு இவரை லண்டன் கோபுரத்தில் அடைத்தார். அங்கே உட்கார்ந்து கிரகண அட்டவணைகளைக் கணித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

1485 ஆகஸ்ட் 7-இல் பெம்ப்ரோக் கடற்கரையில் டேல் ஊருக்குப் பக்கத்தில் இறங்கினார்கள். பதினைந்தாம் நாள் பாஸ்வொர்த். போரைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். வழியில் படையோடு வந்து சேர்ந்த ரீஸ் ஆப் தாமஸ், நான் சொன்ன மார்கன், டேவிட் இருவரின் தம்பி.

புத்தகப்பிரியன் எழுதியது:

ஜாஸ்பருக்குக் கடைசியில் என்ன கிடைத்தது? அப்புறம், வேல்ஸ் வந்தால் இவற்றில் எதையெல்லாம் பார்க்கலாம்?

வேல்ஸ்வாசி எழுதியது:

பெட்ஃபர்டு கோமகன் பட்டம், பெம்ப்ரோக் பிரபு பதவி, எலிசபெத் உட்வில்லின் தங்கையோடு திருமணம், தெற்கு வேல்ஸில் பெரும் அதிகாரம். முறைப்படி பிள்ளைகள் இல்லை. 1495 டிசம்பரில் இறந்தார். கீன்ஷம் மடத்தில் புதைத்தார்கள். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அந்தக் கல்லறையும் போயிற்று. அதே அலையில் கார்மார்தன் மடமும் மூடப்பட்டது, ஆனால் எட்மண்டின் கல்லறையை மட்டும் எடுத்துச் சென்ட் டேவிட்ஸ் பேராலயத்தில் வைத்தார்கள். எட்மண்ட் தாத்தா அல்லவா. ஜாஸ்பருக்கு அந்த மரியாதை செய்யாதது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

பார்ப்பதற்கு: ஸ்வான்சியிலிருந்து டென்பி, பெம்ப்ரோக் இரண்டுக்கும் ரயில் உண்டு, ஒரே பாதை. டென்பியில் சென்ட் மேரி தேவாலயத்துக்குள் தாமஸ் வைட்டின் கல்லறைச் சிற்பம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். பெம்ப்ரோக் கோட்டைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். சென்ட் டேவிட்ஸுக்கு ரயில் கிடையாது, ஹேவர்ஃபோர்ட்வெஸ்டில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். கான்வியும் பென்மினித்தும் வடக்கே வெகுதூரம். பென்மினித் தேவாலயத்தில் ஓவனின் பெரியப்பா கொரொன்விக்கும் அவர் மனைவிக்கும் வெண்பளிங்குக் கல்லறை உண்டு. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டம் போடாதீர்கள், வேல்ஸில் தெற்கிலிருந்து வடக்கே போகும் சாலை மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும்.